பேசாத படத்துக்குக் குரல் கொடுத்த குழல்கள்

வாத்தியம் என்றால் மடியில் வைப்பது, தோளில் மாட்டுவது என்றே நாம் அறிவோம். கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்படும் வாத்தியமும் ஒன்று உண்டு. அதுதான் தியேட்டர் பைப் ஆர்கன்.

ஊமைப் படக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய திரையரங்குகளில் படத்துக்கேற்ப ஒரு வாத்தியக் குழுவே வாசிக்கும். அத்தனை பேரின் வேலையை ஒருவரே செய்தால்? இங்கிலாந்தில் தொலைபேசி மின்பொறியாளராக இருந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் அதற்கு வழி கண்டார். விசைப்பலகையையும் குழல்களையும் மின்கம்பியால் இணைத்தார். ஒரே குழல் வரிசை பல சுருதிகளுக்கு உதவும்படி அமைத்தார். 1903இல் அமெரிக்கா சென்ற அவர், 1910இல் வுர்லிட்சர் கம்பெனியில் சேர்ந்தார்.

இதை நிறுவுவது வீடு கட்டுவது போன்ற வேலை. நம் ஹார்மோனியத்தில் இடக்கை துருத்தியை அசைக்கிறது. இங்கோ மின்சார ஊதி ஒன்று காற்றை அனுப்புகிறது. பெரும்பாலும் அது நிலவறையில் இருக்கும். காற்று பெருங்குழாய்கள் வழியே மேலேறி, மேடையின் இருபுறமும் உள்ள அறைகளில் காற்றுப் பெட்டிகளை நிரப்புகிறது. அப்பெட்டிகளின் மேல் குழல்கள் வரிசையாக நிற்கின்றன. விரலளவுக் குழலும் உண்டு. 16 அடிக் குழலும் உண்டு! மேளம், மணி, பறவையின் சீழ்க்கை எல்லாம் கூடவே இருக்கும். அறையின் பலகைக் கதவுகள் திறந்தால் ஓசை பெருகும்; மூடினால் அடங்கும். கடைசியாக, அரங்கம் அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு குழலுக்கும் சுருதி சேர்ப்பார்கள்.

1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. படங்கள் பேசத் தொடங்கின, ஆர்கன்கள் ஊமையாயின. எத்தனையோ ஆர்கன்கள் பிரித்து விற்கப்பட்டன.

இதைப் பற்றிப் பேசியபோது எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாயிற்று. "பலர் பிழைப்பைக் கெடுத்த கருவிக்கு இரக்கம் எதற்கு?" என்றாள் ஒருத்தி. விசைத்தறி வந்தபின் கைத்தறியை நிறுத்திய நெசவாளியின் பேத்தி அவள். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு டெட்ராய்ட் நகரத்துக் கதையைச் சொன்னோம். அங்கே ஃபிஷர் தியேட்டரில் 1928இல் அமைந்த 34 வரிசை வுர்லிட்சரை, 1960களில் ஆர்கன் அன்பர்களின் சங்கம் ஒன்று அதே நகரின் செனட் தியேட்டரில் மீண்டும் நிறுவியது. ஆயிரக்கணக்கான குழல்கள், கணக்கற்ற கம்பிகள்! லாபத்துக்காக அல்ல, அந்த ஓசை அழியக் கூடாது என்பதற்காகவே அவர்கள் உழைத்தார்கள்.

அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தாவின் தறியை நாங்களும் விறகாக்கவில்லை."

வழக்கு அத்துடன் தீர்ந்தது. பிழைப்பைப் பறித்தது குழல்கள் அல்ல, செலவுக் கணக்கு. வேலை ஓய்ந்துவிட்டால் மதிப்பும் ஓய்ந்துவிடும் என்பது அந்தக் கணக்கின் பாடம். தோழியரே, பொருளானாலும் மனிதரானாலும் அந்தப் பாடத்தை மட்டும் நாம் படிக்க வேண்டாம்!