மலிவாக வந்த பிட்சர்

ஓர் ஆட்டக்காரர் எங்கள் அணிக்கு மலிவாகக் கிடைத்தார் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏன் மலிவாகக் கிடைத்தார் என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தேதான் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான்.

2018 ஜூலை 30 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணியிடமிருந்து ராபர்ட்டோ ஒசூனாவை வாங்கியது. பதிலுக்கு கென் ஜைல்ஸையும், டேவிட் பாலினோ, ஹெக்டர் பெரெஸ் என்ற இரண்டு இளம் பிட்சர்களையும் கொடுத்தது. நான் இருப்பது ஹூஸ்டனில். பேஸ்பால் எனக்கு இந்த ஊர் கொடுத்த ஆட்டம். வந்த புதிதில் விதிகூடப் புரியாமல் பார்க்க ஆரம்பித்து, பிறகு ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டாலும் இருப்புக் கொள்ளாது என்ற நிலைக்கு வந்துவிட்டவன்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒன்றிரண்டு ரன் முன்னிலையைக் காப்பாற்ற வரும் ரிலீஃப் பிட்சரை க்ளோசர் என்பார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவரைப் போடுகிறவரைப் போல. அந்த வருஷம் எங்களுக்கு நம்பகமான க்ளோசர் இல்லை. ஜைல்ஸ் மே மாதம் நியூயார்க் யாங்கீஸிடம் ஹோம் ரன் கொடுத்துவிட்டு, மைதானத்தை விட்டு வெளியேறும்போது தன் முகத்தில் தானே குத்திக்கொண்டார். ஜூலையில் அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். முந்தைய வருஷம்தான் கோப்பையை வென்றிருந்தோம். மறுபடியும் வெல்வதற்கு இந்த ஓர் ஓட்டைதான் தடை என்று எனக்குத் தோன்றியது.

ஜூலை கடைசியில், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் சந்தை சூடுபிடிக்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு க்ளோசரால் பெரிய பிரயோஜனம் இல்லை. காப்பாற்றுவதற்கு முன்னிலை இருந்தால்தானே அவருக்கு வேலை. அதனால் அவரை விற்று, நாலைந்து வருஷம் கழித்து உதவக்கூடிய இளைஞர்களை வாங்கிப் போடுவார்கள். கோப்பைக்கு முட்டி மோதும் அணிகள் போட்டி போட்டு விலை கொடுக்கும். ப்ளூ ஜேஸ் அந்த வருஷம் 73 வெற்றி, 89 தோல்வி என்று முடித்த அணி. முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்தால் க்ளோசருக்கு ஒரு சேவ். ஒசூனாவோ 23 வயதில் 100 சேவ்களை எட்டியவர். அந்த வயதில் அதற்குமுன் யாரும் எட்டியதில்லை. இப்படி ஒருவரை வாங்க வேண்டுமென்றால் அணி பொத்திப் பொத்தி வளர்க்கும் மிகச் சிறந்த இளைஞர்களை இழக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அப்படி எந்த இழப்பும் வரவில்லை.

காரணம், மே 8 அன்று டொராண்டோ போலீஸ் அவரைக் கைது செய்திருந்தது. தன் குழந்தையின் தாயான பெண்ணைத் தாக்கினார் என்பது குற்றச்சாட்டு. இந்த அணிகள் ஆடும் உச்ச லீக்கான மேஜர் லீக் தனியாக விசாரித்து, 75 ஆட்டங்களுக்குச் சம்பளமில்லாமல் தடை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. ட்ரேட் நடந்த அன்று தடை இன்னும் முடியவில்லை. ஆகஸ்ட் 5 முதல்தான் ஆட முடியும்.

செய்தியைப் படித்ததும் நான் முதலில் தேடியது என்ன தெரியுமா? அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் இவர் ஆடலாமா என்பதை. ஊக்கமருந்துக்காகத் தடை பெற்றவர் அந்த வருஷ ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் ஆட முடியாது. குடும்ப வன்முறைக்காகத் தடை பெற்றவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விதியைப் படித்தேன். ஆடலாம் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு பெண் அடிபட்டதாகச் சொல்லும் செய்தியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நிம்மதியைத்தான். அந்த விதி எவ்வளவு கோணலானது என்பதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஆபீஸில் பேச்சு வந்தபோது, எங்கள் ஜெஃப் லூனோ மாதிரி கெட்டிக்காரப் பொது மேலாளர் வேறு யாரும் இல்லை என்றேன். மற்ற அணிகள் பயந்து ஒதுங்கிய நேரத்தில் பாதி விலைக்கு வாங்கிவிட்டார் என்றேன். ஒசூனா வருந்துகிறார், நாங்கள் தீர விசாரித்தோம் என்று லூனோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். செப்டம்பர் 25 அன்று நீதிமன்றத்தில் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அந்தப் பெண் மெக்சிகோவிலிருந்து வந்து சாட்சி சொல்ல மாட்டார் என்றது அரசுத் தரப்பு. ஓராண்டு காலம் அவருடைய சம்மதமில்லாமல் அவரை அணுக மாட்டேன் என்று ஒசூனா உறுதி கொடுத்தார். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் அன்று "கோர்ட்டே விட்டுடுச்சே" என்று சொன்னது சட்டத்தின் மேல் இருந்த மரியாதையால் இல்லை. வேறு நாட்டில், சின்னப் பிள்ளையோடு இருக்கும் ஒருத்தி ஏன் சாட்சிக் கூண்டுக்கு வரவில்லை என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசித்துப் பார்க்கவில்லை.

என் மனைவியும் என்னோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பாள். ஒசூனா வந்த பிறகு, ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பந்தைக் கையில் எடுத்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். அன்றைய பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே கழுவியாகியிருக்கும். ஏன் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் வந்தால் ஆட்டத்தை முன்போல் பார்க்க முடியாது என்பதும் தெரியும். அதனால் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

அந்த அக்டோபரில் ப்ளே-ஆஃபில் பாஸ்டனுடன் மூன்றாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ஜாக்கி பிராட்லி ஜூனியர், ஒசூனாவின் பந்தை கிராண்ட் ஸ்லாமாக அடித்தார். ஒரே அடியில் 4 ரன். சோபாவிலிருந்து எழுந்து ஒசூனாவைக் கண்டபடி திட்டினேன். அவர் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான். மே மாதச் செய்தியைப் படித்தபோது வராத கோபம்.

2019-இல் அவர் 38 சேவ் எடுத்தார்; அமெரிக்கன் லீக்கில் அதுவே அதிகம். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் நல்லவேளை இவரை வாங்கினோம் என்று வாய்விட்டுச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அக்டோபர் 19 அன்று யாங்கீஸை வீழ்த்தி வேர்ல்ட் சீரீஸுக்குப் போனோம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒசூனா ஹோம் ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமனாக்கிவிட, ஹோசே அல்டுவே ஹோம் ரன் அடித்துக் காப்பாற்றிய ஆட்டம் அது. வெற்றிக் கொண்டாட்டத்தின்போது உதவிப் பொது மேலாளர் பிராண்டன் டாப்மன், அங்கே நின்ற மூன்று பெண் நிருபர்களைப் பார்த்து, ஒசூனாவை வாங்கியதற்குக் கடவுளுக்கு நன்றி என்று கெட்ட வார்த்தையோடு திரும்பத் திரும்பக் கத்தினார். அவர்களில் ஒருவர் குடும்ப வன்முறைக்கு எதிரான ஊதா நிறக் கைவளையம் அணிந்திருந்தார். இதை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் ஸ்டெஃபனி ஆப்ஸ்டீன் எழுதினார். செய்தியே கட்டுக்கதை என்று முதலில் மறுத்த நிர்வாகம், சில நாளில் டாப்மனை வேலையை விட்டு நீக்கியது.

படித்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. என்ன மனுஷன் இவன் என்று மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "நீங்களும் இதத்தான சொல்லிட்டு இருக்கீங்க" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. கெட்ட வார்த்தை மட்டும்தான் வித்தியாசம். டாப்மன் பெண்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் அடுக்களைக்குள் இருந்த பெண்ணின் காதில் விழும்படி, ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லியிருக்கிறேன்.

கணக்குப் பார்த்தால் அந்த ட்ரேட் லாபமாகவும் முடியவில்லை. ஜைல்ஸ் 2019-இல் டொராண்டோவுக்கு அருமையாக ஆடினார். ஒசூனா 2020-இல் முழங்கைக் காயத்தோடு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு மேஜர் லீக் பக்கம் வரவேயில்லை. ஆனால் இதைச் சொல்லி நான் மனம் திருந்தியதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர் இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தாலும் நான் பூரித்த அந்தத் தள்ளுபடி, ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமையிலிருந்து கழிக்கப்பட்ட தொகைதான்.

அன்று ராத்திரி மனைவி இன்னொன்றும் கேட்டாள். "நான் எந்திரிச்சுப் போறத நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க? ஏன்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டிருக்கலாமே?"

ஜெயிக்கணும்னு இருந்துச்சு என்றேன். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.