மெய் பொய்க்கும் வேளை

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியலில் படுக்கையைவிட்டு எழுந்தபோது அறை சுழன்றது. சுவரைப் பற்றினோம்; சுவரும் சுழன்றது. உட்செவிக் கோளாறு என்றார் மருத்துவர். தலை சொல்வதை நம்பாமல் அசையாத பொருளொன்றைக் கண்ணால் பற்றிக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் நாள், குணமாகிவிட்டதென்று நாமே முடிவுசெய்து மாடிப்படியில் இறங்கினோம், விழுந்தோம். பௌர்ணமிதோறும் அண்ணாமலையை வலம்வரும் வழக்கம் அத்துடன் நின்றது.

விமானம் ஓட்டப் பயிலும் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் நலம் விசாரித்தான். கதையைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் இதே பாடந்தான் ஐயா" என்றான். கருவிவழிப் பறத்தல் விதிகளை நாம் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன, அவற்றுள் திரவம். திரும்பும்போது அத்திரவம் பின்தங்குவதையே நாம் திருப்பமாக உணர்கிறோம். ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டேயிருந்தால் சுமார் 20 நொடிகளில் திரவமும் உடன் சுழலும். நேராகச் செல்வதாகவே தோன்றும். அடிவானம் தெரிந்தால் கண் திருத்திவிடும். மேகத்தினுள் அதற்கும் வழியில்லை. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் கருவிப் பயிற்சியற்ற 20 பேரைச் சோதித்தது. இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 நொடிகளில்.

எனவே விமானி உடலின் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு, செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி, திசைகாட்டி எனக் கண்ணை ஓயாது சுழற்றுகிறான். ஆனால் இவை விமானத்தின் நிலையைச் சொல்லுமேயன்றி எதிரே நிற்கும் மலையைக் காட்டா. ஆகவே விதிகள் உயரத்தைக் கேட்கின்றன: மலைப்பகுதியில் மிக உயர்ந்த தடைக்கும் மேலே குறைந்தது 2000 அடி. இறங்கும்போதும் ஓர் எல்லை உண்டு. வழக்கமான கருவிமுறை இறக்கத்தில் அது ஓடுதளத்திற்கு மேல் 200 அடி. அதற்குள் ஓடுதளமோ அதன் விளக்குகளோ புலப்படாவிட்டால் மீண்டும் மேலெழ வேண்டும். 'இன்னும் சற்று இறங்கிப் பார்ப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னைக்கு வந்த விமானங்கள் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டதை எண்ணிப் பார்க்கிறோம். அன்று பயணிகள் சலித்துக்கொண்டிருப்பர்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் வீழ்ந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 13 பேர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரத்தில் இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் மேகத்துள் நுழைந்து, விமானி திசையுணர்வு மயங்கி, மலையில் மோதியதென்று விசாரணைக் குழு கண்டது. இயந்திரக் கோளாறோ சதியோ அலட்சியமோ அன்று என்றும் கூறியது. தேர்ந்த விமானிக்கும் உடல் இதைச் செய்யும் என்பதே நம்மை உலுக்கியது.

தமிழில் 'மெய்' என்பது உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். தொல்காப்பிய மரபியலை நடத்தும்போது, உற்றறிவை முதலறிவாகவும் மனத்தை ஆறாவதாகவும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். முன்னது பொய்க்கையில் பின்னது ஏன் தேவையென்று இவ்வாண்டுதான் விளங்கிற்று.

ஐப்பசி மேகம் இன்று மலையுச்சியை மூடியிருக்கிறது. கல்லூரிக்குப் புறப்படுகிறோம். படியிறங்குமுன் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறோம், நலமாக இருப்பதாகத் தோன்றும் நாளிலும்.