குறவஞ்சியும் இரண்டு குறிமொழிப் பதிப்புகளும்

பழைய நூலொன்றைக் கணினியில் ஏற்றுவது என்றால் தட்டச்சு செய்து முடிப்பதுதான் என்று எண்ணுவோர் இன்றும் பலர். உண்மையில் தட்டச்சு முடிந்த இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. எது தலைப்பு, எது பாடல், எது அடி, எவர் கூற்று, எது ஏட்டில் இருந்தது, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்பனவற்றை எல்லாம் கணினிக்குத் தனித்தனியே அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் குறிகளின் தொகுதியே குறிமொழி. அதிலும் பதிப்புகள் உண்டு. திருக்குற்றாலக் குறவஞ்சிக்கு ஒரு மின்பதிப்பும், அதனை எவ்வாறு குறியிட்டோம் என்று விளக்கும் கையேடும் செய்யலாம் என்று தென்காசியில் நாங்கள் நால்வர் கூடியபோது, முதல் மூன்று மாதமும் எந்தப் பதிப்பு என்ற வழக்கிலேயே கழிந்தது.

நாங்கள் என்றால் தமிழ் கற்பிக்கும் இருவர், நூலகப் பணியில் இருக்கும் ஒருவர், மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர். 2011-இல் மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு இந்த வட்டாரத்தில் மென்பொருள் எழுதுவோரைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சாரல் காலத்தில் ஐந்தருவிப் பாதையிலேயே நாலு பேரைப் பார்க்கலாம்.

எங்கள் கையில் ஒரு முதல் இருந்தது. எங்களுக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவர் (ஐயா என்றே குறிப்பிடுகிறோம், பெயரை வெளியிடுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார்) ஓய்வு பெற்ற பின் குறவஞ்சி முழுவதையும் தாமே தட்டச்சு செய்து, 2005 தொடங்கி நான்கு ஆண்டுகள் உழைத்துக் குறியும் இட்டு வைத்திருந்தார். அவர் மறைந்த பின் அவர் மகள் ஒரு குறுந்தகட்டைத் தந்து, "அப்பா இதைத்தான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. உங்களுக்காவது பயன்படுமா சார்?" என்று கேட்டார். திறந்து பார்த்தோம். முதற்பகுதி திஸ்கியில் இருந்தது, மற்றது ஒருங்குறியில். குறிகள் அனைத்தும் டி.இ.ஐ. பி4 முறையில்.

டி.இ.ஐ. என்பது உரைக் குறியீட்டு முயற்சி. 1987-இல் நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள் தொடங்கியது. இலக்கிய நூல்களையும் கல்வெட்டுகளையும் அகராதிகளையும் குறியிடுவதற்கென்றே அமைந்த வழிகாட்டி அது. 1994-இல் பி3 வந்தது; 2002-இல் அதனை எக்ஸ்.எம்.எல்.லுக்கு மாற்றிப் பி4 வந்தது. 2007 நவம்பரில் பி5. பி4-க்கான ஆதரவு 2012-இல் நிறுத்தப்பட்டது. இதைக் கேட்டவுடன் பி5-ஐ எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன வழக்கு என்று தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், "இதெல்லாம் எதுக்கு சார்? மார்க்டவுன்ல போட்டா ஒரு வாரத்துல முடிச்சிரலாம்" என்றார். மார்க்டவுன் 2004-இல் வந்த எளிய முறை. தலைப்புக்கும் பத்திக்கும் அது போதும். ஆனால் ஒரே கண்ணியில் இருவர் பேசுவதை அதில் எப்படிக் காட்டுவது என்று கேட்டோம். அவர் குறவஞ்சியை வாங்கிக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, மறுவாரம் தம் கட்சியைத் தாமே கைவிட்டார். (படித்துப் பார்த்துக் கட்சி மாறுகிற பிள்ளைகள் இருக்கும் வரை எங்கள் தொழிலுக்கு மோசமில்லை.)

ஐயாவின் கோப்புகளைத் தொடாமல் பி4-இலேயே தொடர வேண்டும் என்பது எங்களுள் இருவர் கருத்து. அது வெறும் உணர்ச்சி அன்று. அக்கோப்புகள் பழுதின்றி இயங்கின. பி4-இலிருந்து பி5-க்கு மாற்றும் நிரல்கள் உண்டு. எனினும் எந்த நிரலாலும் தீர்க்க முடியாத ஓரிடம் அவற்றில் இருந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

செய்யுளைச் சீர் பிரித்து எழுதுவதா, சொல் பிரித்து எழுதுவதா என்பது தமிழில் பழைய வழக்கு. குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பனை ஓதிய ரசிகமணி டி.கே.சி., பாட்டு படிப்பவருக்குப் புரியும்படி சொற்களைப் பிரித்தே அச்சிட்டார். 1950-களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தபோது மகிழ்ந்தவர்களும் உண்டு, யாப்பு குலைந்தது என்று வருந்தியவர்களும் உண்டு. ஐயா இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்பினார். அச்சுத்தாளில் இயலாதது கணினியில் இயலும் அல்லவா? புணர்ந்த வடிவத்தை உரையாகவும், பிரித்த வடிவத்தை அந்தக் குறியினுள் ஒரு பண்பாகவும் எழுதி வைத்தார். 'தேனருவி' என்பது உரை. 'தேன் அருவி' என்பது குறிக்குள் அடங்கியது. பி4 தந்த வழி அது ஒன்றே.

சிக்கல் என்னவெனில், பண்பு என்பது மேற்கோள்குறிக்குள் அடைபட்ட வெறும் எழுத்துச்சரம். அதனுள் மேலும் ஒரு குறியிட இடமில்லை. இரண்டு வகையாகப் பிரிக்கத்தக்க சொற்கள் தமிழில் எத்தனை! 'வேங்கை' ஒரு மரமும் ஆகும், புலியும் ஆகும், பிரித்தால் வேகும் கையும் ஆகும். 'தாமரை' பூவும் ஆகும், தாவுகின்ற மரையும் ஆகும். பொதுமொழி என்று இலக்கணம் இதற்கு ஒரு பெயரே இட்டு வைத்திருக்கிறது. இத்தகைய இடங்களில் ஐயா ஒரு சாய்கோடு இட்டு இரு பிரிப்புகளையும் ஒரே பண்புக்குள் நெருக்கி வைத்தார். சில இடங்களில் கேள்விக்குறியும் உண்டு. ஓரிடத்தில் 'உறுதியில்லை, வை.' என்று தமக்குத் தாமே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்.

பி5 இங்குதான் வேறுபடுகிறது. அதில் 'சாய்ஸ்' என்னும் ஒரு குறி உண்டு. அதன் உள்ளே மூலவடிவம் ஒன்றும், சீர்படுத்திய வடிவங்கள் பலவும் பக்கத்தில் பக்கத்தில் அமரும். ஒவ்வொன்றும் தனிக் குறியாதலால் அதனுள் மேலும் குறியிடலாம். இப்பிரிப்பு யாருடையது, எவ்வளவு உறுதி என்றும் சொல்லலாம். ஐயா சாய்கோட்டாலும் கேள்விக்குறியாலும் தவித்துச் சொன்னதை, பி5 இலக்கணமாகவே வைத்திருக்கிறது. அவர் கோப்புக்கு உண்மையாக இருப்பது ஒன்று, அவர் கருத்துக்கு உண்மையாக இருப்பது மற்றொன்று என்று நூலகத்து நண்பர் சொன்ன அன்று எங்கள் வழக்கு பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி சிங்கனும் சிங்கியும். சிங்கியைத் தேடி வந்த சிங்கன் அவள் அணிகளைக் கண்டு ஐயுற்றுக் கேட்பதும் அவள் விடை சொல்வதும் அனைவரும் அறிந்த பகுதி. கண்ணி ஒன்று; அதன் முற்பாதி அவன் கேள்வி, பிற்பாதி அவள் விடை. டி.இ.ஐ.யில் பேச்சுக்குள் பாடல் அமையலாம்; பாடலுக்குள் பேச்சு அமையாது. நாடகத்தில் பாட்டு வரும், பாட்டில் நாடகம் வாராது என்று மேலைநாட்டார் நினைத்துவிட்டார்கள் போலும். கண்ணியை இரண்டாக வெட்டி, இது தொடக்கம், இது முடிவு என்று இருபாதிக்கும் முத்திரை குத்துவதே வழி. இது பி4, பி5 இரண்டிலும் உண்டு. எனவே பதிப்புத் தேர்வுக்கு இது உதவவில்லை. ஆனால் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது நாடகமா, சிற்றிலக்கியமா என்று வகுப்பில் மழுப்பிச் செல்லும் கேள்விக்கு இங்கே விடை சொல்லியாக வேண்டியிருந்தது. கவிராயர் விருத்தத்துக்கும் கண்ணிக்கும் இடையே மாறி மாறிச் செல்கிறார். நாடகமாகக் குறியிட்டால் விருத்தங்கள் யார் கூற்று என்று தெரியாமல் நிற்கின்றன. பாடலாகக் குறியிட்டால் சிங்கன் காணாமல் போகிறான். நாடகம் என்றே முடிவு செய்தோம். விருத்தங்களுக்குக் கவிக்கூற்று என்று பெயர் கொடுத்தோம்.

குறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாகாதா என்ற கேள்வியும் எழுந்தது. வைக்கலாம். 1998-இல் எக்ஸ்.எம்.எல். 1.0 வந்தபோதே தமிழ் எழுத்துகளில் குறிப்பெயர் வைக்க இடம் இருந்தது. ஆனால் பெயருக்கான எழுத்துப் பட்டியல் அன்றைய ஒருங்குறியோடு உறைந்துபோனது. 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த 'ஶ'வும் தமிழ்ச் சுழியமும் அதில் இல்லை. அந்தத் தளையை நீக்கவே 2004-இல் 1.1 வந்தது, அதைப் பயன்படுத்தியவர் மிகச் சிலர். கடைசியில் 2008-இல் 1.0-இன் ஐந்தாம் பதிப்பே அந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டது. எண்ணில் பெரிய பதிப்பே மேம்பட்டது என்று நம்புவோர் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் 1.0-ஐயே கொண்டோம்.

பி5-இலும் குறிகளுக்கு மாற்றுப்பெயர் சூட்ட வழியுண்டு. 'கண்ணி', 'அடி', 'கூற்று' என்று எழுதிப் பார்த்தபோது திரையே அழகாக இருந்தது. எனினும் விட்டுவிட்டோம். 2019-இல் தொடங்கிய 'தர்மா' திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளைப் பி5-ஐ ஒட்டியே குறியிட்டது. அவர்கள் கருவிகள் எங்கள் கோப்பையும் படிக்க வேண்டுமானால் பெயர்கள் பொதுவாக இருக்க வேண்டும். தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு இதில் வருத்தம்தான். கையேட்டை முழுக்க முழுக்கத் தமிழில் எழுதி வருத்தத்தை ஆற்றிக்கொண்டோம். பி5-இல் இதற்கு ஒரு வசதி உண்டு: விதியையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் எழுதினால், கையேடும் பிறக்கும், பிழை கண்டுபிடிக்கும் இலக்கணக் கோப்பும் பிறக்கும். சூத்திரமும் உரையும் ஓரேட்டில் இருப்பது போல.

நாளை இதே கையேட்டைக் கொண்டு தென்காசிக் கோயிற் கல்வெட்டுகளுக்குச் செல்ல வேண்டும் என்ற ஆசையும் உண்டு. பராக்கிரம பாண்டியன் தான் எழுப்பிய கோயிலைப் பிற்காலத்தில் பழுது நேராமல் காப்பவர்களைப் பணிவதாகக் கல்லில் பாடி வைத்த ஊர் இது. நெடுங்காலம் மொட்டையாய் நின்ற அந்தக் கோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்தது. கல்வெட்டென்றால் நிலக்கணக்கு வரும். மா, காணி, முந்திரி என்னும் பின்னக் குறிகள் வரும். அவை ஒருங்குறியில் ஏறியது 2019-இல்தான். அப்பட்டியலுக்கும் அகப்படாத வடிவம் ஒன்று கல்லில் இருந்தால், அதனைப் பெயரிட்டுப் பதிவு செய்யப் பி5-இல் தனிப்பகுதியே உண்டு. பி4-இல் அது இல்லை.

முடிவில் பி5. ஐயாவின் மூலக்கோப்புகளை உள்ளவாறே ஒரு படி எடுத்துத் தனியே வைத்தோம். மாற்றிய கோப்பின் தலைப்பகுதியில் முதற் குறியீட்டாளர் என்று அவர் பெயரை இட்டோம். மகளிடம் கேட்ட பிறகே. சாய்கோட்டிட்ட இடங்களை நிரலிடம் விடாமல், வாரம் ஒரு மாலை கூடி ஒவ்வொன்றாகப் படித்துப் பிரிக்கிறோம். மின்சாரம் போனால் அச்சுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதம் தொடரும். 'உறுதியில்லை, வை.' என்று அவர் எழுதிய இடத்தில் இரு பிரிப்புகளையும் வைத்து, அவர் சொற்களையே குறிப்பாக அமைத்திருக்கிறோம். சிங்கன் பறவைகளைப் பார்க்கும் பகுதி இனிமேல்தான். பறவைப் பெயர் ஒவ்வொன்றையும் தனியே குறியிட வேண்டும் என்கிறார் தம்பி. கண்ணிக்குக் கண்ணி குறியிட்டால் பாட்டைக் காணோம் என்கிறார் நூலகத்து நண்பர். அடுத்த செவ்வாய்க்கிழமை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.