தவறிய பெனால்டி

பெங்களூரு அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பிரேசில் வீரர் பெலேவுக்குச் சிலை உண்டு. அப்பகுதி மக்களின் கால்பந்துப் பற்றுக்கு அதுவே சான்று. நானும் அப்பற்றில் வளர்ந்தவன்.

கூடைப்பந்தும் எனக்குப் பிடிக்கும். அதில் ஒரு வாய்ப்பு நழுவினால் மறுநிமிடமே ஈடுசெய்யலாம். கால்பந்தில் அது அரிது. சென்ற ஆண்டு இறுதிப்போட்டியில் நான் பெனால்டியைத் தவறவிட்டேன்; எங்கள் அணி தோற்றது. பல நாள் மைதானத்தின் பக்கமே நான் செல்லவில்லை.

அப்போது தாத்தா 1948 இலண்டன் ஒலிம்பிக்கைப் பற்றிக் கூறினார். பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஆயினும் நம் அணியின் இரண்டு பெனால்டிகள் வீணாயின. பிரான்சு 2-1 என வென்றது.

"அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டார்களா, தம்பி? 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்களே!" என்றார் தாத்தா.

மறுநாள் பந்துடன் மைதானத்திற்குச் சென்றேன்.