கொம்பியூட்டரோட வாற கடிதம்

பளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகளுக்கு,

கொம்பியூட்டரைத் திருத்தி, முள்ளியவளைக்கு வாற தேங்காய் லொறியில குடுத்து விட்டிருக்கிறன். மூட்டைகளுக்கு மேல வைக்கச் சொன்னனான். நிண்டு பார்த்து இறக்கு.

"சும்மா ஸ்லோ, அவ்வளவுதான் மாமா" எண்டு போனில சொன்னாய். ஸ்லோ மட்டும் இல்லை பிள்ளை. வித்த கடைக்காரர் விண்டோஸும் ஒபிஸும் கிராக் பண்ணிப் போட்டிருக்கிறார். கிராக் வேலை செய்ய, வைரஸ் பிடிக்கிற விண்டோஸ் டிபெண்டர் குறுக்க நிக்கக்கூடாதெல்லோ. திறந்து பார்த்தன்: சோதிக்கக்கூடாத இடங்கள் எண்ட லிஸ்டில சி டிரைவ் முழுக்கக் கிடக்குது! வாசல் நாயைக் கட்டி, வாயையும் மூடி விட்ட மாதிரி. பச்சை டிக் மட்டும் வடிவாய்க் காட்டுது.

உப்பிடிக் கிராக்கோட ஒளிச்சு வாறது, பிரவுசரில சேவ் பண்ணின பாஸ்வேர்ட் முழுக்க அள்ளி அனுப்பிப்போடும். 2021 இல கே.எம்.எஸ்.பிகோ எண்ட கிராக்கின்ர பேரில பரவின போலி ஒண்டு கிரிப்ட்பொட் எண்ட திருட்டு மென்பொருளைத்தான் காவிக்கொண்டு வந்தது.

திரும்ப விண்டோஸ் 10 போடலாமெண்டு நினைச்சன். அதுக்கு வழமையான அப்டேட் 2025 ஒக்ரோபர் 14 ஓட நிண்டுபோச்சு. 11 ஐ உந்தப் பழைய மெஷின் ஏற்காது. அப்டேட் இல்லாட்டி என்ன எண்டு அம்மா கேப்பா. 2023 இல எங்கட அரசாங்கத்தின்ர மின்னஞ்சலுக்கு நடந்ததைச் சொல்லு. பழைய மென்பொருளை மாத்தாமல் வைச்சிருந்தவை. ரான்சம்வெயர் புகுந்து, மே 17 இல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அமைச்சரவை அலுவலகமும் அதுக்குள்ள.

அதால லினக்ஸ் மின்ற் போட்டிருக்கிறன். காசும் இல்லை, கிராக்கும் இல்லை. எழுத லிப்ரே ஒபிஸ் இருக்கு. உன்ர பள்ளிக்கூடப் பேப்பருகள் பாமினியில ரைப் பண்ணினதெல்லோ, அந்த எழுத்துருவும் ஏத்தியாச்சு. கண்ட கண்ட தளத்தில தேடி இறக்காதை.

பயர்பொக்ஸில யூபிளொக் ஒரிஜின் போட்டனான். ஒருக்காச் செருப்புப் பார்த்தால் கிழமை முழுக்கச் செருப்பே காட்டுற தொல்லை குறையும். முழுக்க நிக்குமெண்டு சொல்லமாட்டன். கூகிளுக்குள்ளயும் பேஸ்புக்குக்குள்ளயும் நீயே லொகின் பண்ணிப் போனபிறகு, அங்க செய்யிறதை அவை பாக்காமல் ஆராலும் மறிக்கேலாது. இன்கொக்னிற்றோவையும் நம்பாதை, அது முக்கியமாய் வீட்டில இருக்கிறவைக்குத்தான் மறைக்கும். அதைப் பற்றின வழக்கில, சேர்த்து வைச்ச பதிவுகளை அழிக்க கூகிள் 2024 இல சம்மதிச்சது. படம் பாக்கிற தளங்கள் நோட்டிபிகேஷன் அனுப்ப "அலோ" கேட்டால் "பிளொக்" குடு. மூலையில வந்த அந்த அசிங்க விளம்பரமெல்லாம் நீ குடுத்த அலோவால வந்தது. (அம்மாட்டை நான் சொல்லேல்லை.)

பூட்டினவுடன முதல் வேலை, அம்மாவின்ர வங்கிப் பாஸ்வேர்டையும் உன்ர ஜிமெயிலையும் மாத்து. பழசு களவு போச்செண்டே வைச்சுக்கொள். ஜிமெயிலுக்கு ரூ ஸ்டெப்பும் போடு. அம்மாவின்ரது கனடாச் சித்தப்பா காசு போடுற கணக்கு, நாளைக்கு எண்டு தள்ளிப்போடாதை.

அன்புடன்,
மாமா