புது கேமரா வாங்கலீங்க, கைப்பேசிதான்!

போன வாரம் போட்ட உற்சவர் அலங்கார வீடியோவைப் பார்த்துட்டு, "கோயில் காசுல பெரிய கேமரா வாங்கிட்டீங்களா?"ன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. அன்னதான உபயத்துலேர்ந்து ஒரு சென் கூட எடுக்கல. கைப்பேசியை ஸ்டாண்டுல வெச்சு எடுத்தோம். பின்னாடி தெரிஞ்ச நாற்காலி அடுக்கையும் தண்ணி டிரம்மையும் பிளெண்டர்ங்கிற இலவச மென்பொருள்ல மங்க வெச்சோம்.

செய்முறை கேட்ட பிள்ளைங்களுக்காக எழுதறேன்.

கைப்பேசி சென்சார் சின்னது. அதனால கிட்ட இருக்கறதும் தூர இருக்கறதும் ஒன்னா தெளிவா விழும். பிளெண்டர்ல 'ப்ளர்'னு ஒன்னு, 'டிஃபோகஸ்'னு ஒன்னு இருக்கு. ப்ளர் போட்டா பனி மூடின கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி ஆயிடும். நிஜ லென்ஸ் அப்படி செய்யாது. ஃபோகஸ்ல இல்லாத ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் வட்டமா விரியும். தூரத்து விளக்குச் சுடர் தங்கக் காசு மாதிரி தெரியறது அதனாலதான். அதுக்கு டிஃபோகஸ்தான் சரி. சுடரோட வெளிச்சத்தை முதல்லயே நாலஞ்சு மடங்கு ஏத்திடுங்க. இல்லன்னா விரியும்போது சோர்ந்து போயிடும்.

அடுத்தது தூரம். கருப்பு வெள்ளையில ஒரு படம் வரையணும். தெளிவா இருக்க வேண்டிய இடம் கருப்பு, பின்னால போகப் போக வெள்ளை. டிஃபோகஸ்ல 'யூஸ் இசட் பஃபர்' டிக்கை எடுத்துட்டு, இந்தப் படத்தை இசட்ல இணைங்க. தூணுக்கு அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் ஒரே சாம்பல் நிறம் போதும். தரை அப்படியில்ல. பீடத்துகிட்ட கருப்பா தொடங்கி, சுவர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கணும். இதை விட்டா பீடம் காத்துல மிதக்கற மாதிரி இருக்கும். தொழிற்சாலையில கியூசி பார்க்கற பழக்கம் எனக்கு, முதல்ல பீடத்தோட அடியைத்தான் பார்ப்பேன்.

உற்சவரைத் தனியா வெட்டி எடுத்து, அந்த இடத்தைப் பின்னணியால நிரப்பி, மங்க வெச்ச பிறகு மேல வைங்க. அப்பதான் மாலையோட சிவப்பு ஓரத்துல கசியாது. அளவும் முக்கியம். ரொம்ப மங்கினா பெரிய தேர்கூட பொம்மைத் தேர் மாதிரி தெரியும்.

கமிட்டியில ஒரு பெரியவர், "சாமி விஷயத்துல இப்படி ஜோடிக்கலாமா தம்பி?"ன்னு கேட்டார். ஐயா, சாமி முகத்துலயும் அலங்காரத்துலயும் நாங்க கைவைக்கல. வராத கூட்டத்தை வந்ததா காட்டல. சன்னதியில நிக்கும்போது நம்ம கண்ணுக்கு நாற்காலியா தெரியுது?

படுத்த படுக்கையா இருக்கிற ஒரு பாட்டிக்குப் பேத்தி இந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாங்களாம். "வேல் நுனி வரைக்கும் தெரியுதுடி"ன்னு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாங்களாம். கோயிலுக்கு வர முடியாதவங்களுக்குத்தான் இந்த வேலையெல்லாம்.

கத்துக்க ஆசைப்படற பிள்ளைங்க சனிக்கிழமை சாயங்காலப் பூஜைக்குப் பிறகு மண்டபத்துக்கு லேப்டாப்போட வாங்க. சொல்லித் தர்றேன்.