பண்ணினாரு சார்

அப்பாவின் இடுப்புக்குள் வைத்திருக்கும் பொருளைப் பற்றி என்னை ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பேசுவேன். பந்து செராமிக். அது உட்காரும் கிண்ணத்தின் உட்பக்கம் பாலிஎதிலீன். தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கும் தண்டு டைட்டானியம். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்து பொருத்தியதும், அது சில வருடங்களிலேயே தேய்ந்துபோய் நோயாளிகளுக்கு மறுபடி கத்தி வைக்க நேர்ந்ததும், 1962-ல் அவர் வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகே இந்த வைத்தியம் நிலைத்ததும் எனக்கு மனப்பாடம். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பெனி, எத்தனை வருடம் உழைக்கும், எதற்கு எவ்வளவு கூடுதல் பணம் என்று ஆபீஸில் டீ குடிக்கும் நேரத்தில் பாடமே எடுத்தேன். கடைசியில் விலை கூடியதையே வைக்கச் சொன்னேன். அதையும் நாலு பேரிடம் சொன்னேன்.

அந்த மூட்டை இழுத்துப் பிடித்து நடக்கவைக்கப்போகிற சதையைத் தேற்றுவதற்காக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை, "இனிமே வர வேண்டாம்மா" என்று போனில் நிறுத்தியதும் நான்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழித்த மனிதர். வலி முதலில் முழங்காலில்தான் தெரிந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி தொடை இடுக்கிலும் முழங்காலிலும் காட்டும் என்பது தெரியாமல் ரொம்ப நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தோம். எக்ஸ்ரே எடுத்தபோது வலது இடுப்பில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. டாக்டர் ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார். "அதுவரைக்கும் சும்மா படுக்க வைக்காதீங்க, பிசியோ ஆரம்பிச்சிடுங்க" என்று சீட்டும் எழுதினார்.

வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவள் சொல்லிக் கொடுத்தது எதுவும் பெரிய வித்தை இல்லை. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, பிட்டத்தை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, காலைப் பக்கவாட்டில் அகட்டிக் கொண்டுவருவது, நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்கி எழுவது. கடைசியாகச் சொன்னது காலுக்கானதல்ல, கைக்கானது; ஆபரேஷன் முடிந்ததும் உடம்புப் பாரத்தில் பாதியை வாக்கர் வழியாகக் கைதானே வாங்க வேண்டும்? அப்பாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. டிக்கெட் கேட்கிற அதே கணீர்க் குரலில் எண்ணிக்கொண்டே செய்வார். அவள் போன பிறகும் தனியாகச் செய்வார்.

அப்புறம் ஏன் நிறுத்தினேன்? வெளியே சொல்லிக்கொண்ட காரணம், ராத்திரி அப்பா முனகினார் என்பது. முனகியது உண்மை. ஆனால் அது முழுக் காரணமில்லை. அவளுக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய். காப்பீட்டில் வராது, கையிலிருந்துதான் போகும். எப்படியும் ஆபரேஷனுக்கு அப்புறம் பிசியோ வேண்டும், கெட்டுப்போய் வெட்டியெடுக்கப்போகிற மூட்டுக்கு எதற்கு இப்போதே செலவு என்று கணக்குப் போட்டேன். செராமிக் பந்துக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் அவள் மாதக்கணக்கில் வந்திருப்பாள்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அவள் ஒருநாள் அம்மாவிடம், "கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டு வராதீங்கம்மா, ஐயா எழுந்து வந்து சாப்பிடட்டும்" என்றாள். அப்பாவை எழுந்திருக்கவிடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சொந்தக்காரர்கள் வந்துபோகும்போது தட்டை நானே எடுத்துப்போய்க் கொடுப்பேன். அந்தப் பெருமையில் ஒரு சின்னப் பெண் கை வைத்துவிட்டாள் என்று கோபம். முனகல் அதற்கு ஒரு சாக்கு.

போனில் அவள் சண்டை போடவில்லை. "வலி வர்றது சகஜம்தான் சார், எண்ணிக்கையைக் குறைச்சிக்கலாம். இன்னும் ரெண்டு தடவையாவது வர்றேன், வாக்கர் பழக்கிக் குடுத்துடறேன், பாத்ரூமையும் ஒருதடவை பாத்துடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அப்பாவிடம், "சும்மா இருங்கப்பா, எல்லாம் ஆபரேஷன்ல சரியாயிடும்" என்றேன். ரெண்டு மூன்று நாள் தானாகச் செய்து பார்த்தவர், நான் முகம் சுளிப்பதைப் பார்த்து விட்டுவிட்டார். ஆபரேஷன் நாள் வரைக்கும் பெரும்பாலும் கட்டில்தான்.

அட்மிஷன் அன்று டாக்டர் கேட்டார்: "பிசியோ எல்லாம் பண்ணினாரா?"

"பண்ணினாரு சார். ரெகுலரா."

பக்கத்தில் நின்ற ஜூனியர் அதை கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். அப்பா காதில் விழும் தூரத்தில்தான் படுத்திருந்தார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் அவரை நிற்கவைக்க வந்தார்கள். வாக்கரை அப்பா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் பிடிக்கிறார். தையல் வலி, தலைச்சுற்றல், பயம், எல்லாவற்றோடும் சேர்த்துப் புதிதாக ஒரு வித்தையையும் பழக வேண்டும். வாக்கரை முன்னால் வைக்க வேண்டும், ஆபரேஷன் செய்த காலை எடுத்து வைக்க வேண்டும், கையில் ஊன்றி நல்ல காலைக் கொண்டுவர வேண்டும். வீட்டுக் கூடத்தில் நிதானமாகப் பழகியிருக்க வேண்டியது. கை நடுங்கியது. ஊன்றத் தெம்பில்லை. இரண்டடியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஒரு நடுத்தர வயது அம்மா. "ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் வந்து சொல்லித் தரலையா ஐயா?" என்று கேட்டார்.

"வந்தாங்கம்மா. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்" என்றார் அப்பா.

மெடிக்கல் லீவு போடாமல் வேலை பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர் அவர். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் சதையைப் பற்றிப் படித்தேன். இடுப்பின் பக்கவாட்டில் ஒரு தசை இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது மறுபக்கம் இடுப்பு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். உடல் எடையும் அந்தத் தசையின் இழுப்பும் சேர்ந்து அந்தக் கணத்தில் மூட்டின் மேல் உடல் எடையைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் விழும். தசை சோர்ந்திருந்தால் அடிக்கு அடி இடுப்பு சரியும். 1895-ல் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்ததால் இந்தச் சரிவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. வலிக்கிற காலை மாதக்கணக்கில் ஊன்றாமல் ஒதுக்கியதில் அப்பாவுக்கு அந்தத் தசை ஏற்கெனவே இளைத்துப்போயிருந்தது. ஆபரேஷனில் மாற்றுவது மூட்டை மட்டும்தான். சதை பழைய சதையேதான். 2007-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள்; கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ சதை குறைந்தது. நான் அப்பாவைப் படுக்கவைத்தது அதைவிட அதிக நாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பட்டதெல்லாம் அம்மாதான். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்பதால் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கமோடு தாழ்வானது. அந்தப் பெண் பாத்ரூமைப் பார்க்கிறேன் என்றது இதற்காகத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. மேலே பொருத்தும் உயர சீட்டை நான் தேடி வாங்கி வரும்வரை பெட்பேன். நான் ஆபீஸ் போய்விடுவேன். அறுபத்தாறு வயதில் அம்மா அவரைப் புரட்டுவாள், தூக்குவாள். அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரும்போது இன்றும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பாவின் இடுப்பு சரியாகிவிட்டது. இந்த முதுகு எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இல்லை.

கொஞ்ச நாள் எனக்குச் சாதகமான ஆராய்ச்சிகளைத் தேடி அலைந்தேன். கிடைக்கவும் செய்தன. ஆபரேஷனுக்கு முந்தைய உடற்பயிற்சியால் கிடைக்கும் நன்மை ஆரம்ப வாரங்களில் மட்டும் கொஞ்சம் தெரியும், சில மாதங்களில் செய்தவரும் செய்யாதவரும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பார்த்தாயா, பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அம்மா தூக்கியதும், பெட்பேனும், அப்பா சோம்பேறி என்று தன்னைச் சொல்லிக்கொண்டதும் அந்த ஆரம்ப வாரங்களில்தானே?

தேடலில் வேறொன்றும் மாட்டியது. 2014-ல் வெளியானது, அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர்களின் கணக்கு. முன்கூட்டியே பிசியோ பார்த்தவர்களில், ஆபரேஷனுக்குப் பிறகு வெளிப் பராமரிப்பை நாடும் தேவை 29 சதவீதம் குறைந்திருந்தது. இது பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு. பிசியோவால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் என்னைக் குத்தியது வேறு விவரம். அவர்களில் பெரும்பாலானோர் பார்த்தது ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். அதற்குள் சதை எங்கே வளரும்? ஊன்றுகோலைப் பிடிக்கவும், வீட்டை ஏற்பாடு செய்யவும், வரப்போவது என்னவென்று தெரிந்துகொள்ளவுமே அது உதவியிருக்கும் என்கிறார்கள் அதை எழுதியவர்கள். இன்னும் ரெண்டு தடவையாவது வர்றேன் என்று அவள் கேட்டதும் இதற்குத்தான்.

அப்பா இப்போது கைத்தடியோடு கடைவீதிக்குப் போய் வருகிறார். போன மாதம் ரிவ்யூவுக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு அடுத்து ஒரு பையன் தன் அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தான். அவருக்கும் இடுப்புதான், தேதி வாங்க வந்திருந்தார்கள். பிசியோ அவசியமா என்று அவன் கேட்டான். "பண்ணுங்க, நல்லதுதான். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தெரியாது. இந்த ஐயா எல்லாம் ஒழுங்காப் பண்ணினவர், இவருக்கே லேட்டாத்தான் ஆச்சு" என்று டாக்டர் எங்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்தபடி சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வெளியே மருந்துக் கவுண்டரில் அந்தப் பையனைப் பிடித்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே வாக்கரை வாங்கிப் பழக்கு, கமோடு உயரத்தை அளந்து பார், பிசியோவை ரெண்டு தடவையாவது கூப்பிடு, எங்க அப்பா எதுவும் பண்ணலை, நான்தான் தடுத்தேன் என்று மொத்தத்தையும் கொட்டினேன். அவன் தலையாட்டினான். டாக்டர் சொன்னதை நம்புவானா, முன்பின் தெரியாத நான் சொன்னதையா, தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ரிவ்யூ ஆறு மாதம் கழித்து.